சிங்கைத் தெருக்களும் தீவாந்தரக் கைதிகளும்

சிங்கப்பூரைக் கண்டோம் என்று சொல்லுவோர் பலர். நடந்து கண்டோம் என்று சொல்லக் கூடியவர் மிகச் சிலர். ஜோகூரிலிருந்து பஸ் ஏறி வந்து, சிராங்கூன் ரோட்டில் இறங்கி, சேலையும் நகையும் வாங்கிக்கொண்டு, வாழையிலைச் சாப்பாடும் முடித்துப் பொழுது சாயுமுன் திரும்புகின்ற நம்மவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை; ஓய்வு நாள் ஒன்று, செலவுக்குப் பணம் அளவு. ஆனால் இந்நகரிலேயே பிறந்து வளர்ந்து, இதன் தெருக்களை நாடோறும் மிதித்துச் செல்கின்ற நாமும் அவர்களினும் அதிகம் கண்டுவிடவில்லை என்பதுதான் வெட்கப்படத்தக்க செய்தி. மண்ணுக்கடியில் ஓடும் ரயிலில் ஏறி, ஓர் அங்காடிக்கடியில் முளைத்து, மற்றோர் அங்காடிக்கடியில் மறைகின்றோம். இடையில் இருந்த ஊர் என்னவாயிற்று?

வழிகாட்டி நடத்துவது தமிழனுக்குப் புதிய கலை அன்று. பரிசில் பெற்று வரும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் கலைஞனை நிறுத்தி, இன்ன வழியே போ, இன்ன ஊரில் இன்னார் உனக்குச் சோறிடுவர் என்று சொல்லுவதையே ஆற்றுப்படை என்னும் ஒரு தனி இலக்கிய வகையாக ஆக்கிவைத்தவர் நம் முன்னோர். மதுரைக்கு வந்த கோவலன், மனைவியை மாதரியிடம் சேர்ப்பதற்கு முன்பே நகரைச் சுற்றிப் பார்க்கின்றான். இளங்கோவடிகள் அதற்கென்றே ஒரு காதையை ஒதுக்கி, அதற்கு ஊர்காண் காதை என்று பெயருமிட்டார். அந்தக் கலையை இன்று சிங்கப்பூரில் நடத்தி வருவோர் உரிமம் பெற்ற வழிகாட்டிகள். காலையில் ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடுவர். குடையும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கும். மூன்று மணி நேரம் நடப்பர். நின்ற நின்ற இடங்களில் கதை கேட்பர். அவ்விதக் கூட்டமொன்றில் நாமும் ஒரு ஞாயிறன்று சேர்ந்து நடந்தோம். வழிகாட்டிய அம்மையார் சீனர். கூட்டத்தில் ஐரோப்பியர் சிலர், உள்ளூர்ச் சீனர் சிலர், தமிழர் மூவர். அம்மூவருள் ஒருவர் ஜோகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி முதுமையடைந்த பெரியவர். மகள் வீட்டுக்கு வந்தவரை மகளே அனுப்பிவைத்திருக்கின்றாள். மற்றொருவர் நகரத்து வியாபாரி. மூன்றாமவர் நாம்.

நடை தெலுக் ஆயர் தெருவில் தொடங்கிற்று. மலாய் மொழியில் தெலுக் என்பது வளைகுடா, ஆயர் என்பது நீர். இன்று அங்கு நீர் எங்கே? வானளாவிய கட்டடங்களுக்குப் பின்னே, கால் மைலுக்கு அப்பால் ஒதுங்கிக் கிடக்கின்றது கடல். 1880-ஆம் ஆண்டுகளில் குன்றை வெட்டிக் குடாவைத் தூர்ப்பதற்கு முன், அந்தத் தெருவின் ஓரத்திலேயே அலை மோதிற்று. இதனை மனத்தில் கொண்டு பார்த்தால்தான் அந்தத் தெருவின் அமைப்பு விளங்கும். ஒரே வரிசையில், சில நிமிட நடைக்குள், மூன்று வழிபாட்டிடங்கள். முதலில் நாகூர் தர்கா. 1828-க்கும் 1830-க்கும் இடையில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்கள் தம் ஊர் ஷாகுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக எழுப்பியது. அடுத்தது சீனரின் தியான் ஹொக் கெங் கோயில். 1839-இல் தொடங்கி 1842-இல் முடிந்தது. கடற்பயணிகளைக் காக்கும் தேவிக்கு உரியது. அதற்கப்பால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827-இல் வெறும் ஓலைக் குடிசையாக நின்றமையால் குச்சுப் பள்ளி என்று தமிழர் அழைத்த பெயர் இன்றும் வழங்குகின்றது. தோணியிலிருந்து இறங்கியவன் எந்த மதத்தினனாயினும் முதலில் செய்த காரியம் ஒன்றே: உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி கூறுதல். கடல் விலகிவிட்டது, நன்றி கூறிய இடங்கள் மட்டும் கரையைத் தேடிக்கொண்டு நிற்கின்றன.

அங்கிருந்து மார்க்கெட் தெருவுக்கு வந்தோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு இது. ஒரு நீண்ட கூடம். அதில் ஆளுக்கொரு சாய்வு மேஜையும் பெட்டகமுமாகப் பல கடைகள். மேல்மாடியில் சமையலும் உறக்கமும். சீனச் சிறு வியாபாரியும் மலாய்க்காரரும் சர்க்கார் குமாஸ்தாவும் கடன் தேடி அந்தப் படியேறினர். வட்டியின் நியாய அநியாயம் வேறு கதை; அதனை இங்கே தொடங்கினால் தெருவைக் கடக்க முடியாது. கிட்டங்கிகள் 1970-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இடிந்தன. பின்னர் 1984-இல் அத்தெருவில் மோட்டார் வண்டிகளை நிறுத்தப் பல மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது; அதுவும் 2017-இல் இடிந்தது; 2021-இல் ஐம்பத்தொரு மாடி மாளிகையொன்று அங்கே முடிவுற்றது. வழிகாட்டி அம்மையார் ஒரு பழைய படத்தை உயர்த்திக் காட்டினார். இல்லாத ஒன்றைக் காட்டுவதும் வழிகாட்டியின் தொழிலில் ஒரு பகுதியே போலும்.

அருகில் இருப்பது சூலியா தெரு. 1920-களின் தொடக்கம் வரை அதற்குக் கிளிங் தெரு என்று பெயர். கலிங்கம் என்னும் பழம்பெயரிலிருந்து பிறந்ததாகச் சொல்லப்படும் அச்சொல், நாளடைவில் நம்மை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. இந்தியர் எதிர்த்தனர், நகராண்மைக் கழகத்தார் பெயரை மாற்றினர். ஒரு பலகையை மாற்றுவதற்கு இத்தனை முயற்சியா என்று எண்ண வேண்டா. அந்தத் தெருவில் கடை வைத்திருந்தவன் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும் தன்னைத் தானே வைதுகொள்ள வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் அம்முயற்சியின் பயன் விளங்கும்.

பிறகு சவுத் பிரிட்ஜ் ரோடு. கடைவீடுகளின் முன்னே, மழைக்கும் வெயிலுக்கும் கூரையிட்ட நடைபாதை தொடர்ந்து செல்கின்றது. நம்மவர் இதனை அஞ்சடி என்பர். வீட்டுக்கு வீடு திண்ணை வைத்து, அதனை எந்நேரமும் வழிப்போக்கருக்குத் திறந்து வைக்க வேண்டுமென்று 1822-ஆம் ஆண்டு ராபிள்ஸ் துரை நகர அமைப்புக் குழுவினருக்கு இட்ட உத்தரவிலிருந்து பிறந்தது இது. ஊரை இன்னின்னாருக்கு இன்னின்ன பகுதி என்று கூறுபோட்டதும் அதே உத்தரவுதான். சீனருக்கு ஒரு பக்கம், சூலியருக்கு ஆற்றோரமாய் ஒரு பக்கம், ஐரோப்பியருக்குக் கடலைப் பார்த்த நல்ல பக்கம். ஏட்டில் இப்படிப் பிரித்தவர் கணக்கு நிலத்தில் நிற்கவில்லை என்பதற்கு இந்த ரோடே சாட்சி. சீனர் பேட்டை என்று பெயர் பெற்ற இடத்தின் நடுவே, அன்சார் சாகிப் தலைமையில் 1826-இல் சூலியர் நிறுவிய ஜாமியாப் பள்ளிவாசல் இருக்கின்றது. அதற்குச் சில அடி தள்ளி 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில் இருக்கின்றது. பக்கத்துச் சந்துகளின் பெயர்கள் பள்ளிவாசல் தெரு, கோயில் தெரு, கோபுரத் தெரு என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள். வாழ்ந்தோர் பெரும்பாலும் சீனர். பெயர் கொடுத்தன நம் கட்டடங்கள்.

கோயிலைப் பற்றிக் கூறும்போது நாராயண பிள்ளையைப் பற்றிக் கூறாதிருக்க முடியாது. பினாங்கிலிருந்து 1819-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராபிள்ஸ் துரையின் இரண்டாம் பயணத்தில் உடன் வந்தவர் அவர். வீடு கட்ட ஆளில்லை, செங்கல் இல்லை என்று கண்டு சூளை வைத்தார், துணிக்கடை வைத்தார், கடை 1822-இல் தீக்கிரையாயிற்று, மீண்டும் எழுந்தார். கோயிலுக்கு முதலில் கிடைத்த இடம் தெலுக் ஆயரில்; அங்கே நல்ல நீர் இல்லை. இரண்டாவது இடம் கால்வாயோரத்தில். நகர அமைப்புக்கு அது ஒத்துவரவில்லை. மூன்றாவது முறை, 1823-இல், இப்போதிருக்கும் இடம் அமைந்தது. முதலில் மரமும் அத்தாப்புக் கூரையுமாக நின்றது, 1843-இல் செங்கற் கட்டடமாயிற்று. இன்றுள்ள கோபுரம் 1925-ஆம் ஆண்டினது.

வியாபாரி அன்பர் இக்கதையைக் கேட்டு முகம் மலர்ந்தார். அவர் பாட்டனாரும் துணி வியாபாரத்துக்கு வந்தவராம். அவர் மகிழ்ச்சி நமக்கும் தொற்றியது. அப்போதுதான் வழிகாட்டி அம்மையார் எல்லாரையும் அஞ்சடியில் ஒதுக்கி நிறுத்தி, மோட்டார்கள் விரைந்து கொண்டிருந்த ரோட்டைக் காட்டி, "இதைப் போட்டவர்கள் யார் தெரியுமா?" என்று கேட்டார். ஒருவரும் விடை கூறவில்லை. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் என்றார் அவர். இந்த ரோட்டையும் ஆற்றுக்கு அப்பால் இதன் தொடர்ச்சியையும், 1833 முதல், கோல்மன் என்னும் கட்டடக்கலைஞர் கைதிகளைக் கொண்டு போடுவித்தார் என்று கூறிவிட்டு, எங்கள் மூவரையும் நோக்கி, "உங்கள் முன்னோர் அல்லரோ?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

வியாபாரி அன்பர் சட்டென்று பதில் சொன்னார்: "நம்மவர் வியாபாரத்துக்கு வந்தவர்கள் அம்மா. அந்தக் கைதிகளெல்லாம் வடக்கத்தியார்."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. நாமும் அவ்விடத்தில் வாய் திறக்கவில்லை. ஆற்றைக் கடக்கும் வரை அந்தப் பதில் நம் உள்ளத்தில் உறுத்திக்கொண்டே வந்தது. ஏனெனில் அது உண்மையன்று. உண்மையன்று என்பதைவிட, அப்படிச் சொல்ல நேர்ந்ததன் காரணம் நம் எல்லாரிடமும் இருக்கின்றது.

செய்தி யாதெனில்: 1824-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் உலாந்தாக்காரரும் செய்த உடன்படிக்கையால் சுமத்திராவிலிருந்த பெங்கூலன் உலாந்தாக்காரர் கைக்குப் போயிற்று. அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் சிங்கப்பூருக்குப் பெயர்த்தனர். 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் முதல் கூட்டம் கரையிறங்கிற்று. எண்பது பேர். அவ்வெண்பதின்மரும் சென்னை மாகாணத்தார். ஒரு வாரத்துக்குப் பின்னரே வங்காளத்திலிருந்து வந்தவர் நூற்றிருபத்திருவர் இறங்கினர். சென்னை மாகாணமென்றால் தமிழர் மட்டுமல்லர், தெலுங்கரும் மலையாளத்தாரும் கன்னடரும் உண்டு. எண்பதின்மருள் தமிழர் எத்தனை பேர் என்று நாம் பிரித்துச் சொல்லப் போவதில்லை. ஆயினும் முதலில் இறங்கியவர் தென்னாட்டார். இராசேந்திர சோழன் கடாரத்தின் மேல் படையெடுத்தது ஏறக்குறைய 1025. எண்ணூறு ஆண்டு கழித்து, 1825-இல், காலில் தளையோடு தென்னாட்டார் வந்திறங்கினர். முந்தியதைப் பற்றி நம் மேடைகளில் முழங்காத ஆண்டு விழா இல்லை. பிந்தியதைப் பற்றி ஒரு பேச்சையேனும் நேயர்கள் கேட்டதுண்டா?

தீவாந்தர சிட்சை பெற்றவர் எல்லாரும் கொலைபாதகரும் கொள்ளைக்காரரும் அல்லர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியுண்டு. 1802-இல் சிவகங்கைச் சீமையில் கும்பெனியாரை எதிர்த்துப் போராடியவர் எழுபதுக்கு மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி அவருள் ஒருவர். பஞ்சாபில் ஆங்கிலேயரை எதிர்த்த பாய் மகராஜ் சிங் 1850-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1856-இல் இங்கேயே சிறையில் இறந்தார். இவை மெய்யே. எனினும் பெரும்பாலோர் கொலைக்கும் கொள்ளைக்கும் தண்டனை பெற்றவரே. அதனை மறைத்து எல்லாரையும் தேசபக்தராக்கி மாலை சூட்டினால், அதுவும் மற்றொரு வகையில் அவர்களைக் கைவிடுவதே ஆகும். குற்றவாளியாயிருந்தவன் கையால் போட்ட ரோடு, ரோடு அன்றோ?

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை அடைந்தோம். வெண்மையான சுவர், கூர்நுதிக் கோபுரம், சுற்றிலும் புல்வெளி. 1856-இல் அடிக்கல் நாட்டி, 1861-இல் முதல் வழிபாடு நடந்தது. கட்டியவர் கைதிகள். அவர்களை மேற்பார்த்தவருள் ஒருவரான மக்நேர் துரை பிற்காலத்தில், 1899-இல், ஒரு நூல் எழுதினார். கைதிகளே கைதிகளுக்குக் காவலர் என்பது அதன் தலைப்பின் பொருள். சுவர்ப் பூச்சு எவ்வாறு செய்யப்பட்டதென்று அதில் கூறியிருக்கின்றார். சிப்பி சுட்ட சுண்ணாம்பு, மணல் சேர்ப்பதில்லை. முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அதில் குழைத்து, தேங்காய் மட்டை ஊறவைத்த நீரை விட்டு அரைத்துப் பூசுவர். உலர்ந்த பின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இதற்கு அவர்கள் வழங்கிய பெயர் மதராஸ் சுண்ணாம்பு.

இந்த இடத்தில்தான் பெரியவர் முதன்முறையாகப் பேசினார். "எங்க ஊர்ப் பக்கத்துல மச்சு வீட்டுச் சுவரெல்லாம் இப்படித்தான் தம்பி இழைப்பாங்களாம். முகம் பார்க்கலாம்னு எங்கப்பா சொல்லுவாரு" என்றார். வழிகாட்டி அம்மையாருக்கு அதனை மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

அக்கைதிகள் வாழ்ந்த முறையையும் சிறிது சொல்ல வேண்டும். அவர்களை ஆறு வகுப்பாகப் பிரித்திருந்தனர். புதிதாய் வந்தவன் விலங்கோடு ரோட்டு வேலை செய்வான். ஒழுக்கத்தோடு நடந்தால் விலங்கு கழலும். மேலும் உயர்ந்தால் பிற கைதிகளுக்கு மேஸ்திரியும் காவலனும் ஆவான். முதல் வகுப்பை எட்டியவன் சீட்டுப் பெற்று வெளியே குடித்தனம் நடத்தலாம். தவறினால் மீண்டும் கீழே. ஐரோப்பியக் காவலர் மிகச் சிலரே இருக்க, ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இம்முறையில் அடங்கி வேலை செய்தனர். கல்லுடைத்தல், தச்சு, கொல்லு, நெசவு, செங்கல் அறுத்தல், அச்சு வேலை, பிற்காலத்தில் படம் பிடித்தல் கூடக் கற்றனர். இன்று இஸ்தானா என்று அழைக்கப்படும் மாளிகையை 1867-க்கும் 1869-க்கும் இடையில் எழுப்பியவரும் அவர்களே. புலிகள் மனிதரைக் கொன்று தின்ற காலத்தில், காட்டுக்குள் புலி வேட்டைக்கு அனுப்பப்பட்டவரும் அவர்களே.

ஒன்றை மட்டும் அவர்களால் மாற்ற இயலவில்லை. ஆயுள் தண்டனை பெற்றவன் நெற்றியில் அவன் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இந்தியாவில் இருந்தது. 1849-இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முன் வந்தவன், சீட்டுப் பெற்று விடுதலையாகி, மாடு வளர்த்துப் பால் விற்றாலும், வண்டி ஓட்டினாலும், நெற்றியை மறைக்கத் தலைப்பாகையைத் தாழக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். 1867-இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றும் இந்திய சர்க்காரிடமிருந்து நீங்கிக் குடியேற்ற நாட்டு இலாகாவுக்கு மாறின; அதன்பின் புதிய கைதிகள் வரவில்லை. 1873-இல் கைதிச் சாலை கலைக்கப்பட்டது. எஞ்சியிருந்தோரில் ஒரு பகுதியார் அந்தமானுக்குப் போயினர். மற்றவர் இவ்வூரிலேயே கலந்து மறைந்தனர். கலந்தவர் மணந்தனர், மக்களைப் பெற்றனர். அம்மக்களின் மக்கள் எங்கே போயினர்? நம்முள்ளேதான் இருக்கின்றனர். நம் வீட்டில் மூன்று தலைமுறைக்கு மேல் பாட்டன் பெயர் தெரியாமலிருப்பதற்குக் காரணம் மறதி ஒன்றே என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

வியாபாரி அன்பரைத் தனியே அழைத்து ஏப்ரல் 18-ஆம் நாள் செய்தியைச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. சிறிது நேரம் நடந்தபின், "என் பாட்டனார் எப்போது வந்தார் என்று தெரியும், ஏன் வந்தார் என்று நான் கேட்டதே இல்லை" என்றார். பண்பாளர்.

நடை முடிந்த இடம் சிராங்கூன் ரோடு. வண்ணார் துவைத்த ஓடையின் பெயரைத் தாங்கிய டோபி காட்டைக் கடந்து, வெயில் ஏறிய வேளையில் வந்து சேர்ந்தோம். இங்கே எருமைத் தெரு என்றே ஒரு தெரு. அதே பொருளில் மலாய்ப் பெயரோடு மற்றொரு தெரு. மாட்டுப் பட்டிகள் நிறைந்திருந்த காலத்தின் மிச்சம் அப்பெயர்கள். காளியம்மன் கோயிலைப் பழைய தமிழர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்பர். சுண்ணாம்புச் சூளையில் வெந்தவர் கட்டிய கோயில் அது என்பதை அந்தப் பெயரே சொல்லும். இதே ரோட்டில் 1858 முதல் சர்க்கார் செங்கற்சூளையும் நடந்தது; அதில் வேலை செய்தவர் கைதிகள். அவர்கள் அறுத்த செங்கல் 1867-இல் ஆக்ராக் கண்காட்சிக்குச் சென்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. எந்த நாடு அவர்களைக் கடலுக்கு அப்பால் தள்ளியதோ, அந்த நாட்டுக்கே அவர்கள் கைவேலை பரிசு வாங்கப் போய்வந்தது.

நாம் நடந்த வழியில் ராபிள்ஸ் பெயரைக் கண்டோம். தளபதிகள், கவர்னர்கள் பெயர்களைக் கண்டோம். தமிழ்நாட்டு ஊரான கடையநல்லூரின் பெயரைத் தாங்கிய சிறு தெரு ஒன்றும் இந்நகரில் உண்டென்று அம்மையார் சொல்ல, பெரியவர் சிரித்தார். கைதி ஒருவன் பெயரை எந்தப் பலகையிலும் கண்டோமில்லை.

கூட்டம் கலைந்தது. பெரியவருக்குக் குயீன் தெருவில் ஜோகூர் பஸ் ஏற வேண்டும். அதற்கு முன் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். சட்டைப் பையிலிருந்து பழைய பஸ் டிக்கெட்டு ஒன்றை எடுத்து நீட்டி, "அந்த வருஷங்களை இதுல எழுதிக் குடுங்க தம்பி; பேரன் கேப்பான்" என்றார். டிக்கெட்டின் பின்புறத்தில் 1825, 1833, 1861, 1873 என்று எழுதினோம். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏப்ரல் பதினெட்டையும் போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தோம்.